கீழ் லயத்து அரிசி

தோட்டத்துக் கோயில் கொப்பரையின் அந்தப் பழைய படத்தை நம் வாட்ஸப் குழுவில் போட்டது யாரென்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் சண்டை வரும், இந்த வயதில் நமக்குச் சண்டை தாங்காது. ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டும். ஆனால் படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்களே, "ஒரே கொப்பரைச் சோறு தின்று வளர்ந்த பிள்ளைகள் நாம், அந்த ஒற்றுமை இனி வருமா" என்று. அதைப் படித்த காலையில் எனக்குப் பசியாறப் பிடிக்கவில்லை. வாயில் வைத்த தோசையைத் துப்பினேன். அந்த வரிக்கு இத்தனை பேர் கைகூப்பி வேறு வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் மறதி நோயா, இல்லை என்னைச் சோதிக்கிறீர்களா?

புக்கிட் காத்திலில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் வரும். பத்து பெரண்டாம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷம் சின்னச் சின்னக் கம்பியை ஒட்டிய விரல்கள், இப்போது போனில் எழுத்துத் தட்டவே தடுமாறுகின்றன. படிக்கப் பிடிக்காதவர்கள் தள்ளிவிட்டுப் போகலாம்.

நம் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் நாம் வேறு வேறு தோட்டத்தில் வளர்ந்த மாதிரி இருக்கிறது. லூபோக் சீனா போகும் தார்ச் சடக்கிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் ஆபீஸ், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மேட்டில் இரண்டு வரிசை லயத்து வீடுகள். அது நாம். அம்மன் கோயில் நம் பக்கம். கோயிலைத் தாண்டி, புகைக்கூடத்தைத் தாண்டி, ஆற்றோரமாகத் தனியாக ஒரு வரிசை. அது கீழ் லயம். மழைக்காலத்தில் ஆறு முதலில் அவர்கள் அடுப்புக்குள்தான் போகும். ரப்பர் ஷீட் காயும் புகையும் மரப்பால் உறைந்த கட்டிப்பால் நாற்றமும் சாயங்காலக் காற்றில் அவர்கள் பக்கம்தான் அடிக்கும். "அந்தாளுங்க மேல ஒரு வாடை வரும்" என்று நம் வீடுகளில் பேசுவார்கள். நம் அப்பா அம்மா கையிலும் அதே பாலின் வாடைதான் இருந்தது. சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது எனக்கு மூக்கில் அடிக்கும்.

அந்த வரிசை ஏன் தனியாக இருந்தது என்று கேட்டால் நீங்கள் "அப்ப அப்படித்தான்லா" என்பீர்கள். சாதி. அதைச் சொல்ல ஏன் இத்தனை கூச்சம்? ஊரிலிருந்து கப்பல் ஏறி வந்தபோது நம் முன்னோர் நிலத்தை விட்டார்கள், மாட்டை விட்டார்கள், பெற்றவர்களையே விட்டார்கள். இந்தக் கருமத்தை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்து இங்கே ஆற்றோரத்தில் அவிழ்த்து வைத்தார்கள்.

இன்னொன்று நினைவிருக்கிறதா? நாம் தோட்டத்தில் யாரைப் பார்த்தாலும் மாமா, அத்தை, சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தமோ இல்லையோ, பெரியவர்கள் என்றால் முறை வைத்துத்தான் பேசவேண்டும், இல்லாவிட்டால் வாயில் அடி விழும். கீழ் லயத்துப் பெரியவர்களை மட்டும் "இந்தா", "ஏய்". பத்து வயதுப் பிள்ளைகள் நாம், ஐம்பது வயது ஆளை "இந்தா, பந்தை எடுத்துப் போடு" என்போம். அவர் எடுத்துப் போடுவார். யாரும் நம் வாயில் அடிக்கவில்லை.

என் அப்பா கங்காணி, கோயில் கமிட்டிக்குச் செயலாளர். உங்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அதே கமிட்டியில் இருந்தார்கள், ஆகவே யாரும் என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவேண்டாம். அப்பாவைத் தைரியசாலி என்று நான் நம்பினேன். வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்கு அவர் கணக்குச் சொல்லப் போவார். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். தாகம் என்று கேட்டால், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் குழாயடியில் தொங்கும் டப்பாவில் குடிக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குமுறுவார். "நம்பளயும் மனுசன்னு மதிக்கிறானா பாரு. தோலுதான வேற, வாயி வேறயா?" எனக்கு அழுகை வரும். துரையை என்னவெல்லாமோ செய்யவேண்டும் என்று நினைப்பேன். அதே அப்பா மறுநாள் வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் கீழ் லயத்து ஆட்களை நம் ஆட்களிடமிருந்து பத்தடி தள்ளி நிறுத்தித்தான் பெயர் வாசிப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். கீழ் லயம். வாத்தியார் உயரத்தைப் பார்த்து உட்கார வைத்ததால் ஒரே பெஞ்சு. பிஸ்கட் டின்னில் கயிறு கட்டிப் புத்தகப்பையாகக் கொண்டுவருவாள், நடக்கும்போது உள்ளே பென்சில் உருண்டு சத்தம் போடும். ரப்பர் மரத்துக் கித்தாக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துத் தொடையில் சூடு வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் அம்மா அவித்துக் கொடுக்கும் மரவள்ளிக்கிழங்கில் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் இருக்கும். கக்கூசுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதில் பாதியை நான் தின்றுவிடுவேன். வருஷம் முழுக்கத் தின்றேன். வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நீங்களும் யார் யாரிடம் என்னென்ன வாங்கித் தின்றீர்கள் என்று எனக்குத் தெரியும், எழுதட்டுமா?

ஆடித் திருவிழாவுக்கு நம் வழக்கம் இது. வீட்டுக்கு ஒரு படி அரிசி. அதை வீட்டுப் பெண் தன் கையாலேயே கோயிலில் கொண்டுவந்து கொட்டவேண்டும். எல்லா அரிசியும் கலந்து அந்தப் பெரிய கொப்பரையில் பொங்கி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கூட்டுச்சோறு. கீழ் லயத்து அரிசி மட்டும் அதில் சேராது. அவர்கள் முறை விறகு. பத்து நாள் முன்னாலேயே பட்டுப்போன ரப்பர் மரத்தை வெட்டி, பிளந்து, காயவைத்து, கோயில் வேலியோரம் அடுக்கிவிட்டுப் போகவேண்டும். நாம் சாப்பிட்டு எழுந்த பிறகு வேலிக்கு வெளியே பாத்திரத்தோடு நிற்பார்கள், மேலேயிருந்து கரண்டியால் போடுவார்கள். அவர்கள் வெட்டிய விறகுக்குத் தீட்டு இல்லை, அந்த நெருப்புக்குத் தீட்டு இல்லை, அவர்கள் கொசு மருந்து அடித்துச் சுத்தம் செய்த சாக்கடைக்குத் தீட்டு இல்லை. அதே கடையில், அதே சீனனிடம், அதே மூட்டையிலிருந்து வாங்கிய அரிசி அவர்கள் கை பட்டால் தீட்டு.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் விறகு வரவில்லை.

தோட்டத்து ரப்பர் பால் லாரியை ஓட்டியவர் கீழ் லயம். அவரை ரவுடி என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கமிட்டி கூடிய அன்று அவர் வேலிக்கு வெளியே நின்று பேசினார். சத்தம்கூடப் போடவில்லை. "கங்காணி, இந்த வருசம் விறகு எல்லாரும் வெட்டுவோம். அரிசியும் எல்லாரும் போடுவோம். எங்க பொம்பளைங்க கையால எங்க அரிசி அந்தக் கொப்பரையில விழணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

"யாருகிட்ட என்னா பேசுற? ஒன் லாரி வேலைய ஒரே நாள்ல காலி பண்ணிருவேன்" என்றார் அப்பா.

"பண்ணுங்க. அரிசிய வாங்கிக்கிட்டுப் பண்ணுங்க."

மறுநாளிலிருந்து வேலை முடிந்து குளித்துவிட்டு, சாயங்காலம் கீழ் லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்து கோயில் வேலிக்கு வெளியே புல்லில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் அரிசி, மடியில். ஆண்கள் பின்னால் நின்றார்கள். விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. நம் பெரியவர்கள் என்னென்ன பேசினார்கள் என்று எழுதினால் இந்தப் போனை நான் கழுவவேண்டியிருக்கும். வெற்றிலை எச்சிலை அவர்கள் பக்கமாகத் துப்பினார்கள். ஒரு வீட்டு அம்மா மாட்டுச் சாணியைக் கரைத்து, அவர்கள் உட்காரும் இடத்தில் ஊற்றி வைத்தார். அவர்கள் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

அப்பா உதைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோழியின் அம்மா முன் வரிசையில் இருந்தார். ஆமாம், "இருந்தார்" என்றுதான் எழுதுவேன், அன்றைக்குக் கொடுக்காத மரியாதையை இப்போதாவது எழுதுகிறேன். அப்பா எழுந்திருக்கச் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாவின் மடியில் இருந்த அலுமினியப் பானையை அப்பா காலால் தள்ளிவிட்டார். அரிசி புல்லில் சிதறியது. கீழ் லயத்து ஆண்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். லாரி ஓட்டியவர் இரண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுத்தார். தோழியின் அம்மா குனிந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினார். பொறுக்கி முடிக்க வெகுநேரம் ஆனது. முடித்ததும் பானையை மடியில் வைத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்தார். அப்பா அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை அவருக்கு. "அப்பா ஜெயித்துவிட்டார்" என்று நான் நினைத்தேன் பாருங்கள், அப்படிப்பட்ட பிள்ளை நான்.

இதற்கிடையில் நம் ஆண்கள் விறகு வெட்டப் போனார்கள். கமிட்டித் தலைவர் கோடாரியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெட்டியதும் பச்சை மரம். அடுப்பில் வைத்தால் பால் வடிந்து புகைந்ததே தவிர எரியவில்லை.

பிறகு சங்கப் பதிவு ஆபீசிலிருந்து லெட்டர் வந்தது. தேர் ஊர்வலத்துக்குப் போலீஸ் பெர்மிட் வேண்டும் என்பதற்காகக் கோயிலைச் சில வருஷம் முன்னால் சங்கமாகப் பதிந்திருந்தார்கள். அதற்குச் சட்டவிதி எழுதவேண்டும். யாருக்கு எழுதத் தெரியும்? டவுனில் வேறொரு கோயில் விதியை வாங்கி அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் இந்துக்கள் எல்லோரும் உறுப்பினர்கள், வழிபாட்டிலும் திருவிழாவிலும் எல்லோருக்கும் சம உரிமை என்று அதில் இருந்தது. கீழே என் அப்பாவின் கையெழுத்து. லாரி ஓட்டியவர் தினமும் பால் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறவர். பதிவு ஆபீசில் அந்த விதியைக் கேட்டு வாங்கி, நகல் வைத்து, மனு எழுதிக் கொடுத்துவிட்டார். சொந்த விதியையே மீறினால் பதிவு ரத்தாகும், திருவிழாவன்று அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று லெட்டர் சொன்னது. பதிவு போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் தேர் நகராது.

கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. அம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தார், நான் தட்டில் எடுத்துப் போனேன். எல்லா முகமும் செத்துக் கிடந்தது. அப்பாதான் முதலில் சிரித்தார்.

"வாங்கணும்னுதான சட்டம் சொல்லுது? ஒலையில போடணும்னு சொல்லலயே" என்றார்.

இரண்டு தகர டிரம். ஒன்றில் நம் பெண்கள் கொட்டுவது, இன்னொன்றில் கீழ் லயத்துப் பெண்கள் கொட்டுவது. அதிகாரி கேட்டால் கூட்டம் நெருக்கும், அதனால் இரண்டு வரிசை என்று சொல்லலாம். இரண்டு டிரம்மும் சமையற்கட்டுக்குள் போகும். நம் டிரம் மட்டும் கொப்பரைக்கு. மற்றது பின்கட்டில் கிடக்கட்டும், பிறகு சீனன் கோழிப்பண்ணைக்குத் தூக்கிக் கொடுத்துவிடலாம். எல்லோரும் கோப்பியைச் சந்தோஷமாகக் குடித்தார்கள். அம்மா மட்டும் சமையலறையில், "சாமி காரியத்துல இப்படிப் பண்ணலாமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் கோப்பிக் கோப்பைகளைக் கழுவினேன். மறுநாள் பள்ளியில் தோழி என்னிடம், "எங்கம்மா பச்சரிசி வாங்கியிருக்கு, மூணு படி. ஒரு படி போதும்னு சொன்னாலும் கேக்கல" என்றாள். அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது. கோழிப்பண்ணை என்று எனக்கு வாய் வரை வந்தது. கிழங்கை மென்றுகொண்டு நின்றேன்.

திருவிழாவன்று அவர்கள் குளித்து, தலைக்குப் பூ வைத்து, வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்கள். வாசலில் வந்ததும் சிலர் தயங்கி நின்றார்கள், பிறகு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு படி என்றால் அவர்கள் இரண்டு, மூன்று படி கொண்டுவந்திருந்தார்கள். டிரம் நிறைந்து வழிந்தது. தோழியின் அம்மா அரிசியைக் கொட்டிவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். லாரி ஓட்டியவர் திரும்பி மரத்தைப் பார்த்தபடி நின்றார், கண்ணைத் துடைத்தார். அந்த ஆற்றோரத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்ததில் அதுதான் முதல் தடவை. அந்த அரிசி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நம் பெண்கள் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

நம் ஆட்களுக்கு அதோடு விடமுடியவில்லை. நம் டிரம் எது என்று அடையாளம் வேண்டுமே. சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கலாம். இல்லை, நம் அரிசி சுத்தம் என்று காட்டவேண்டும் அவர்களுக்கு. மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகி, குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் பூ போட்டு உள்ளே அனுப்பினார்கள். எந்த டிரம் என்று சமையல்காரரிடம் சொல்ல ஒரு கமிட்டிக்காரரை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். மாலை போட ஆள் போதவில்லை என்று அந்தக் கமிட்டிக்காரரும் சமையல்காரரிடம் சொல்லாமலேயே ஓடிவிட்டார்.

சோறு அருமையாக இருந்தது. உங்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறதோ தெரியாது. பச்சரிசி, பூவாக உதிர்ந்தது. சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும் அப்பளமும். அப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "நம்ப அரிசி ருசியே தனி" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். கீழ் லயத்து ஆட்கள் அதே பந்தலில், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதிகாரியும் சாப்பிட்டார், எல்லோரையும் பாராட்டினார், கையெழுத்துப் போட்டார், காரில் ஏறிப் போனார்.

பிறகு கோழிப்பண்ணை டிரம்மைத் தூக்க அப்பா பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு டிரம் காலி. இன்னொன்று மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக, பூ வாடி, வாய்வரை அரிசியோடு நின்றது.

சமையல்காரர் டவுன் ஆள், வருஷா வருஷம் வருகிறவர்கூட இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மஞ்சத்துணி கட்டியிருந்திச்சிலா, பூ வேற போட்டிருந்திச்சி. அம்மனுக்கு நேந்து வச்ச அரிசின்னு நெனச்சேன். நேந்ததுல எவன் கை வைப்பான்? பக்கத்துல இருந்ததப் பொங்கினேன், சரியா இருந்திச்சி. ஏன் கங்காணி, பத்தலயா?"

அப்பா இரண்டு டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. வெளியே போய்க் கமிட்டிக்காரர்கள் காதில் சொன்னார். காதுக்குக் காது போனது. கோயிலுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் இருக்குமே, அங்கே நம் ஆண்கள் ஒவ்வொருவராக நடந்து போனார்கள். ஆளுக்கு ஒரு மரம். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரலைத் தொண்டைக்குள் விட்டார்கள். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சோறு, பூவாக உதிர்ந்த சோறு, மரத்தடியில் விழுந்தது. அந்தச் சத்தமும் நாற்றமும் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. உங்கள் அப்பாக்களும் அங்கே நின்றார்கள். அம்மாவையும் கூப்பிட்டார் அப்பா. அம்மா, "செரிச்சிப் போச்சிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அந்த ஒன்றுக்காக நான் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்பா என் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தார். "வாயில விரல வுடு. ம், வுடு. உள்ள தங்கக் கூடாது."

விட்டேன். முதலில் எச்சில்தான் வந்தது. மறுபடியும் விட்டேன். வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கொப்பரை கழுவுகிற இடத்திலிருந்து தோழியும் அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கூப்பிடாமலேயே உதவிக்கு வந்து, நம் கொப்பரையை அவர்கள்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் குனிந்திருந்த ஆண்களை ஒருமுறை பார்த்தார் அந்த அம்மா. எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. தோழியின் கையில் தேங்காய் நார் இருந்தது, அதிலிருந்து சாம்பல் தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

அவள் அம்மா ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு என்னிடம் வந்தார். என்னைத் தொடவில்லை, தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று செம்பை நீட்டினார்.

"கொப்புளிச்சிக்க பாப்பா. தொண்ட எரியும்."

அப்பா அப்போது இரண்டு மரம் தள்ளிக் குனிந்திருந்தார், எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை. வாங்காதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வாந்தி எடுக்கச் சொன்னது அப்பா. அந்தச் செம்பை வாங்காமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது நான்.